இருபத்தேழாவது வரிசை

ஓர் அட்டவணையை பிரவுசர் எப்படி இரண்டு தாளாக வெட்டுகிறது என்று என்னிடம் கேட்டால், கேட்டவர் ஒரு மணி நேரத்துக்கு எழுந்து போக முடியாது. யாரும் கேட்பதில்லை என்பது வேறு விஷயம். பதினைந்து வருடமாக என் சோறு அதில்தான் வேகிறது. தச்சநல்லூர் வீட்டு மாடியில் உட்கார்ந்து ரசீது, மதிப்பெண் பட்டியல், சரக்குப் பட்டியல் என்று வலைப்பக்கத்தில் இருப்பவை எல்லாம் தாளில் ஒழுங்காக வரும்படி செய்து கொடுப்பேன். நன்றாகச் செய்கிறவன் என்ற திமிரும் எனக்கு உண்டு. அந்தத் திமிரைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

திரைக்கு முடிவு கிடையாது. உருட்ட உருட்டப் போய்க்கொண்டே இருக்கும். தாளுக்கு அடிவிளிம்பு உண்டு. பிரவுசருக்குள்ளே பக்கத்தை அடுக்கும் எஞ்சின், அட்டவணையை மேலிருந்து வரிசை வரிசையாகத் தாளில் வைத்துக்கொண்டே வரும். அடுத்த வரிசைக்கு இடம் போதாது என்றால் அதற்கு இரண்டே வழி. வரிசையை அப்படியே தூக்கி அடுத்த தாளில் வைக்கலாம். இல்லையென்றால் இடம் தீர்ந்த இடத்தில் குறுக்கே வெட்டலாம். வெட்டினால் ஒவ்வொரு கட்டமும் தனித்தனியாக வெட்டுப்படும். நான்கு வரி உள்ள கட்டத்தின் பாதி இங்கே, பாதி அங்கே. ஒரே வரி உள்ள கட்டம் முழுவதும் இந்தத் தாளிலேயே முடிந்துவிடும். அடுத்த தாளில் அதன் இடம் வெறுமையாகக் கிடக்கும். வரிசையை உடைக்காதே என்று நாம் ஒரு வரி எழுதி வைக்கலாம். புதிய எஞ்சின்கள் முடிந்தவரை கேட்கும். பழையவை கேட்ட மாதிரி காட்டிக்கொண்டு தம் இஷ்டத்துக்கு வெட்டும்.

எங்கள் கால்வாய்ப் பாசனத்தார் சங்கத்துக்கு முறைப் பட்டியல் செய்து கொடுக்க நானாகத்தான் முன்வந்தேன். பாபநாசம் அணையில் தண்ணீர் குறைந்துவிட்டால் எல்லா வயலுக்கும் ஒரே நேரத்தில் விட முடியாது. யாருக்கு எந்த நாள், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை என்று முறை வைப்பார்கள். அதுவரை சங்கச் செயலாளர் அதை ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதுவார். ஆளுக்கு ஆள் போன் போட்டு அவர் உயிரை எடுப்பார்கள். நான் ஒரு வலைப்பக்கம் செய்தேன். வயல் விவரத்தை ஏற்றிவிட்டால் பட்டியல் தானாக வந்துவிடும், அச்சடித்து ஒட்ட வேண்டியதுதான். இனி ஒருத்தரும் போன் செய்து கேட்க வேண்டாம் என்று சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னேன். செயலாளர் கைதட்டினார்.

எங்கள் குடும்ப வயலும் அந்தப் பட்டியலில் இருந்தது. கடைமடையில், கால்வாய் குளத்தில் விழுவதற்குச் சற்று முன்னால். தாத்தா பெயரில் இருந்த நிலம் பிரிக்கப்படாமல் கூட்டுப் பட்டாவாகப் பதினொரு பேரிடம் வந்திருந்தது. பதினொரு பெயரில் ஒன்றை விட்டாலும் ஒரு கல்யாண வீட்டுப் பேச்சுவார்த்தை முறிந்துபோகும். அதனால் பதினொன்றையும் ஒரே கட்டத்துக்குள் ஒன்றன் கீழ் ஒன்றாக ஏற்றினேன். எங்கள் பக்கத்து வழக்கப்படி ஆண்கள் ஏழு பேர் முதலில், பெண்கள் நான்கு பேர் கடைசியில். பட்டாவிலும் அப்படித்தான் இருந்தது. நான் அதை யோசிக்கக்கூட இல்லை.

அந்த நான்கு பேரில் ஒருத்தி என் அக்கா. அத்தான் இறந்த பிறகு ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்துக்கொண்டிருந்தாள். வயலை அதுவரை சித்தப்பா மகன்தான் பயிர் செய்துவந்தான். எனக்கு அண்ணன் முறை. போன வருடம் அக்கா எல்லாரையும் கூட்டி வைத்து, ஒரு பிசானம், இந்த மழைக்காலப் போகம் மட்டும், நான் பார்க்கிறேன் என்று கேட்டாள். பெரிய சிரிப்பு எழுந்தது. கடைசியில், ஒரு பிசானம் பார்க்கட்டும், விளைந்தால் இனி அவளே பார்க்கட்டும், விளையாவிட்டால் வயல் அண்ணன் கைக்கே திரும்பிவிட வேண்டும், பிறகு பேச்சு கிடையாது என்று முடிவாயிற்று. அக்கா ஒத்துக்கொண்டாள். கார்த்திகையில் நட்டாள். விடியலில் வயலுக்குப் போய்விட்டு, அங்கிருந்து நேராகப் பள்ளிக்கூடத்துக்குப் போவாள். அவள் கால் நகங்களில் சேறு காய்ந்திருப்பதைப் பார்த்து நான் கேலி செய்திருக்கிறேன்.

மாசியில் கதிர் வந்து பால் பிடிக்கிற நேரத்தில் அணையை அடைக்கப் போவதாக அறிவித்தார்கள். கடைசியாகப் பத்து நாள் தண்ணீர். ஒரு நாளைக்கு மூன்று பேர், ஆளுக்கு நாலு மணி நேரம், மொத்தம் முப்பது வரிசை. எங்களுடையது இருபத்தேழு: புதன் மதியம் இரண்டு முதல் ஆறு வரை. இருபத்தெட்டு, கடைமடையில் எங்களை ஒட்டிய வயல்காரர், ஒரு வயதான அண்ணாச்சி: வியாழன் காலை ஆறு முதல் பத்து வரை. வியாழன் சாயங்காலம் அடைப்பு. அந்த நாலு மணி நேரம் பாய்ந்தால் மணி முற்றிவிடும். பாயாவிட்டால் மணியே இல்லாத பதர், சாவிதான். இது அக்காவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பட்டியலை என் லேப்டாப்பில் பார்த்தேன். அச்சு முன்னோட்டத்தில் இருபத்தேழாவது வரிசை முதல் தாளின் அடியில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது, பதினொரு பெயரோடு. அழகாக இருந்தது. வரிசைகளுக்கு நடுவே கோடு போட்டால் பழைய நோட்டு மாதிரி இருக்கிறது என்று கோடுகளை எடுத்துவிட்டு, ஒன்றுவிட்டு ஒரு வரிசைக்கு வெளிறிய பச்சை நிறம் கொடுத்திருந்தேன். இரண்டாம் தாளில் மேல் தலைப்பு தானாக மறுபடி வரும்படியும் செய்திருந்தேன். தாளில் அடித்துப் பார்க்கவில்லை. என்னிடம் பிரிண்டர் இல்லை. சங்கத்தில் இருக்கிறது. செயலாளருக்கு இணைப்பை அனுப்பிவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டேன்.

வியாழக்கிழமை காலை ஆறேகால் மணிக்கு அக்கா போன் செய்தாள்.

“ஏலே, இங்கன அண்ணாச்சி மடையத் தொறந்து அவுக வயலுக்கு விடுதாவ. நம்ம முறையுந்தான்னு சொல்லுதேன், கேக்க மாட்டேங்காவ. நீ கொஞ்சம் வா.”

“நம்ம முறை நேத்துல்லாக்கா,” என்றேன்.

“தாள்ல இன்னைக்குன்னுல்லா போட்டிருக்கு,” என்றாள்.

பைக்கை எடுத்துக்கொண்டு போனேன். கடைமடையில் மோட்டார் கொட்டகைச் சுவரில்தான் தாளை ஒட்டுவார்கள். ஒட்டுவதில் சங்கத்துக்கு ஒரு வழக்கம்: முதல் தாள் மேல்மடைச் சுவரில், இரண்டாம் தாள் கடைமடைச் சுவரில். மேல்மடைக்காரனுக்குக் கடைமடை முறை எதற்கு, கடைமடைக்காரன் மூன்று மைல் நடந்து மேலே ஏன் போக வேண்டும் என்ற கணக்கு. நோட்டுக் காலத்திலிருந்து அப்படித்தான். எனக்கும் தெரியும். தெரிந்தும் அது என் மண்டையில் உறைக்கவில்லை.

சுவரில் இருந்த தாளைப் பார்த்தேன். மேலே தலைப்பு: வரிசை எண், பட்டாதாரர், பரப்பு, நாள், நேரம். அதன் கீழே எண் எதுவும் இல்லாமல் நான்கு பெயர்கள். நான்கும் பெண்கள். அவற்றுக்கு நேரே நாள் இல்லை, நேரம் இல்லை. கோடும் இல்லை. நான் கொடுத்த பச்சையும் இல்லை. அச்சில் பின்னணி நிறத்தை பிரவுசர் தானாகவே விட்டுவிடும், அது எனக்குப் பாலபாடம். நான்கு பெயருக்கு அடியிலேயே அண்ணாச்சியின் பெயர், அதற்கு நேரே வியாழன் காலை ஆறு முதல் பத்து. படித்த யாரும் அந்த ஐந்து பேருக்கும் சேர்த்து ஒரே முறை என்றுதான் நினைப்பார்கள். புதன் மதியம் என்ற சொல் மேல்மடைச் சுவரில், ஆண்கள் பெயர்களுக்குப் பக்கத்தில் இருந்தது. என் பெயரும் அங்கேதான், சௌகரியமாக.

அக்கா மண்வெட்டியோடு நின்றுகொண்டிருந்தாள். “அஞ்சே முக்காலுக்கே வந்துட்டேன். அண்ணாச்சியும் நம்மளும் பாதிப் பாதி பாச்சுதது போலன்னு நெனச்சேன்,” என்றாள். பிறகு என்னைப் பார்த்து, “திங்கக்கிழம உனக்குப் போன் போட்டுக் கேட்டேம்லா,” என்றாள்.

கேட்டாள். நம்ம முறை எப்பலே என்று கேட்டாள். நான் ஒரு மருந்துக்கடை ரசீதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். எல்லாம் தாளில் போட்டிருக்கிறது, போய்ப் பார்த்துக்கொள் என்றேன். ஒரே ஒரு சொல், புதன் என்று சொல்லியிருக்கலாம். அன்றைக்கு எனக்கிருந்த எரிச்சல், சொந்த அக்காவே போன் செய்து கேட்டால் ஊர் எப்படித் தாளைப் பார்க்கும் என்பது.

அண்ணாச்சியிடம் போய்ப் பேசினேன். ஒரு மணி நேரமாவது விட்டுக் கொடுங்கள் என்றேன். அவர் கோபப்படவில்லை.

“எனக்கும் பால் பிடிக்க பயிருதாம்வே. நேத்து ரெண்டு மணிக்குச் சங்கத்து ஆளுவ மடையத் தொறந்தாவ, உங்க ஆள அரை மணி நேரம் பாத்தோம். ஒருத்தரும் வரல. பெறகு குளத்துக்குத் திருப்பிட்டாவ. அதானே சட்டம்?”

அதுதான் சட்டம். முறைக்காரன் அரை மணி நேரத்துக்குள் வராவிட்டால் தண்ணீர் குளத்துக்குப் போகும். பக்கத்து வயலுக்கு விட்டால், வேண்டுமென்றே ஆளை வரவிடாமல் செய்வார்கள் என்று வைத்த சட்டம். எங்கள் நாலு மணி நேரத் தண்ணீர் முந்தின நாள் எங்கள் வயலோரமாகவே ஓடி, அடைய வேண்டிய இடத்தை அடையாமல் குளத்தில் விழுந்திருந்தது. அந்த நேரத்தில் அக்கா பள்ளிக்கூடத்தில் பெரிய சட்டி கழுவிக்கொண்டிருந்தாள்.

“ஒரு போன் போட்டிருக்கலாமே அண்ணாச்சி,” என்றேன்.

“இனிமே யாரும் யாருக்கும் போன் போட வேண்டாம்னு நீருதானவே சொன்னீரு,” என்றார். நக்கலாகச் சொல்லவில்லை, நான் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டிருந்தார்.

பத்து மணிக்கு இருபத்தொன்பதாவது வரிசைக்காரர் வந்தார். அவருடைய மனைவி அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு, அரை மணி நேரம் பாய்ச்சிக்கொள்ளுங்கள் என்று சொன்னாள். அக்கா ஓடிப்போய் வயலுக்குத் தண்ணீர் நுழைகிற வாமடையை வெட்டினாள். வறண்ட வாய்க்கால் குடித்ததே பாதி. வயலின் மேல் மூலை கறுத்து நனைந்தது, அவ்வளவுதான். அரை மணி முடிந்ததும் அக்காவே மடையை அடைத்துவிட்டாள். இன்னும் ஐந்து நிமிடம் இரு என்று நான் கண்ணைக் காட்டினேன். அவள் கேட்கவில்லை.

நான் பொதுப்பணித் துறை அலுவலகத்துக்கு ஓடினேன். நாளைக் காலை ஒரு நாலு மணி நேரம், ஒரே ஒரு வயலுக்கு என்று கெஞ்சினேன். அங்கிருந்த அதிகாரி நல்ல மனிதர், உட்காரச் சொன்னார். “உத்தரவு வந்தாச்சு சார். மிச்சம் குடிதண்ணிக்கு. உங்க ஒருத்தருக்குத் தொறந்தா நாளைக்கு நூறு பேரு வருவாங்க,” என்றார். எப்படித் தவறிற்று என்று கேட்டார். அட்டவணை வரிசை தாளின் அடியில் உடைந்துவிட்டது என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். அவருக்குப் புரியவில்லை என்று தெரிந்தது. எனக்கே அது ஒரு காரணமாகப் படவில்லை.

அங்கிருந்து சங்கத்துக்குப் போனேன். ஏன் போனேன் என்று இன்றைக்கு யோசித்தால், எனக்குச் செய்யத் தெரிந்த ஒரே வேலை அங்கேதான் இருந்தது என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. செயலாளரின் கணினியைத் திறந்தேன். பழைய பிரவுசர். நான் தேர்ந்தெடுத்த தமிழ் எழுத்துரு அதில் இல்லாததால் கையில் கிடைத்த வேறொன்றைப் போட்டிருந்தது. அது வரிக்கு வரி கொஞ்சம் உயரம் கூடியது. கொஞ்சம்தான், ஓர் அரிசியின் கனம்கூட இருக்காது. இருபத்தாறு வரிசைக்கும் அந்த அரிசியைக் கூட்டிக்கொண்டே வந்ததில் இருபத்தேழுக்கு நான்கு பெயர் அளவு இடம் பற்றாமல் போயிற்று. வரிசையை உடைக்காதே என்று நான் எழுதிய வரியை அந்த எஞ்சின் மதிக்கவே இல்லை. முதலில் தாளே இல்லாதது போல் எல்லாவற்றையும் நீளமாக அடுக்கிவிட்டு, பிறகு அளவு பார்த்து அரிகிற பழைய வகை அது. அது என்ன செய்யும் என்று தெரியாதா எனக்கு? ஊருக்கெல்லாம் அதைச் சொல்லிக்கொடுத்துத்தான் வயிறு வளர்த்தேன்.

எல்லாவற்றையும் சரி செய்தேன். எழுத்துருவை ஏற்றினேன். பிரவுசரைப் புதுப்பித்தேன். வரிசைகளுக்கு நடுவே கறுப்புக் கோடு போட்டேன். பெண்கள் பெயரையும் ஆண்கள் பெயரையும் கலந்து வயது வாரியாக மாற்றிவிட்டு, பட்டா வரிசை மாறினால் சண்டை வரும் என்று செயலாளர் சொன்னதால் திரும்பப் பழையபடி வைத்தேன். முப்பதாவது வரிசைக்காரருக்காவது தெளிவாக இருக்கட்டும் என்று புதுத் தாள் அடித்து எடுத்துக்கொண்டு கடைமடைக்குப் போனேன். அவர் ஏற்கெனவே தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். ஒரு தாளும் அவருக்குத் தேவைப்படவில்லை. பழைய தாளைப் பார்த்ததும் எனக்கு வந்த ஆத்திரத்தில் அதைச் சுவரிலிருந்து பிய்த்து, கசக்கி, ஓடுகிற கடைசித் தண்ணீரில் எறிந்தேன். ஆறு மணிக்கு மேல்மடையில் ஷட்டரை இறக்கிவிட்டார்கள். வாய்க்காலில் தண்ணீர் மெலிந்து நின்றது.

அதற்கு அப்புறமும் விடவில்லை. அரை மைல் தள்ளி ஒருவருடைய கிணற்றிலிருந்து குழாய் இழுத்தோம். டீசல் எஞ்சின் வைத்து இரண்டு நாள் ஓட்டினேன். வேலையை எல்லாம் போட்டுவிட்டு வரப்பிலேயே கிடந்தேன். மூன்றாம் நாள் குழாய் சேற்றைக் கக்கியது. கிணற்றுக்காரர் வந்து பைய எஞ்சினை நிறுத்தினார். அக்கா ஒரு கதிரைப் பிடித்து நகத்தால் நெருடிப் பார்த்தாள். நசுக்கினால் பால் வர வேண்டும். உமி மட்டும் பிளந்தது. அதை என்னிடம் காட்டவில்லை. நான்தான் பார்த்துவிட்டேன்.

அறுவடைக்கு வண்டி வரவில்லை. வருவதற்கு அதில் ஒன்றும் இல்லை. பக்கத்தில் அண்ணாச்சியின் வயல் தலை சாய்ந்து நின்றது.

பங்குனியில் சித்தப்பா வீட்டில் கூடினார்கள். அண்ணன் கெட்டவன் இல்லை. அவன் அக்காவைக் குறை சொல்லக்கூட இல்லை. “பரவாயில்லக்கா. தாளப் பாத்து நாள் வெளங்கிக்கிடுததெல்லாம் வயல்ல கெடந்து பழகுன ஆளுக்குத்தான் வரும். கார் சாகுபடிக்கு நான் பாத்துக்கிடுதேன்,” என்றான். அத்தை, “அதான் அன்னைக்கே சொன்னோம்,” என்றாள்.

நான் எழுந்தேன். தப்பு அவளுடையது இல்லை, என்னுடையது என்றேன். வரிசை இரண்டாக வெட்டுப்பட்டது, அவள் பெயர் ஒரு தாளிலும் அவளுடைய நாள் இன்னொரு தாளிலும் போய்விட்டது என்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினேன். யாருக்கும் விளங்கவில்லை.

“நீ அக்காவுக்காகப் பேசுத. பேச வேண்டியதுதான்,” என்றான் அண்ணன். “எங்க, அந்தத் தாளக் காட்டு.”

தாள் இல்லை. கடைமடைத் தாளை நானே தண்ணீரில் எறிந்திருந்தேன், மேல்மடைத் தாளை அடைப்பு முடிந்ததும் கிழித்துவிட்டிருந்தார்கள். லேப்டாப்பைத் திறந்தேன். முன்னோட்டத்தில் இருபத்தேழாவது வரிசை முழுசாக நின்றது. பதினொரு பெயரும் ஒரே கட்டத்தில், நேரே புதன் மதியம் இரண்டு முதல் ஆறு வரை, மேலும் கீழும் கறுப்புக் கோடு. சங்கத்துக்குப் போன் போட்டு அங்கிருந்தே ஒன்று அடித்துப் படம் அனுப்பச் சொன்னேன். பத்து நிமிடத்தில் வந்தது. நான் சரிசெய்த கணினி அது. ஒரு பிசிறு இல்லாமல் வந்தது. அண்ணன் அதை வாங்கிப் பார்த்துவிட்டு சித்தப்பாவிடம் கொடுத்தான். போன் கை மாறி மாறிக் கடைசியில் அக்காவிடம் வந்தது.

அவள் அதைக் கண்ணருகே வைத்துப் பார்த்தாள். தன் பெயரின் மேல் விரலை வைத்து, அப்படியே பக்கவாட்டில் நகர்த்தி, புதன் என்ற இடத்தில் நிறுத்தினாள்.

“அக்கா, அன்னைக்கு இப்பிடி இல்லக்கா. நீ பாத்தது வேற,” என்றேன்.

அவள் போனை என் கையில் கொடுத்தாள். “நீ சரியாத்தாம்ல போட்டிருக்க,” என்றாள். “எனக்குத்தான் பாக்கத் தெரியல.”

நான் இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவள் வயல் கொட்டகைச் சாவியை முந்தானையிலிருந்து அவிழ்த்து அண்ணன் முன்னால் வைத்துவிட்டு, பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினாள்.